வாக்கும் பக்கமும்: லினக்ஸ் கெர்னல் 'நினைவகம் இல்லை' என்பதை எங்கே சொல்கிறது?

1. கேள்வி

சி மொழியில் நிரல் எழுதக் கற்பவருக்கு முதல் சில வாரங்களிலேயே ஓர் ஒழுக்கம் சொல்லித்தரப்படுகிறது. மாலக் செயற்கூற்றிடம் நினைவகம் கேட்டால், திரும்பி வருவது வெற்றுச் சுட்டியா என்று பார்க்க வேண்டும். வெற்றுச் சுட்டி என்றால் நினைவகம் இல்லை. நிரல் அதற்கேற்பத் தன் வேலையைச் சுருக்கிக்கொள்ளலாம், அல்லது ஒழுங்காக முடித்துக்கொண்டு வெளியேறலாம். லினக்ஸின் இயல்பான அமைப்பில் இந்தச் சோதனை பெரும்பாலும் எதையும் பிடிப்பதில்லை. 8 ஜிபி ரேம் கொண்ட, ஸ்வாப் இல்லாத கணினியில் ஒரு நிரல் 6 ஜிபி வீதம் ஐந்து முறை கேட்டால், ஐந்து முறையும் கெர்னல் சரி என்றே சொல்லும். அந்த 30 ஜிபியில் நிரல் எழுதத் தொடங்கி, உண்மையான ரேம் தீரும்போதுதான் நிலைமை வெளிப்படும். அப்போது பிழைக்குறியீடு எதுவும் வராது. ஏதோ ஒரு பிராசஸ் கொல்லப்படும். அது அதிகம் கேட்ட பிராசஸாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இதைப் பற்றிய விவாதம் இரு பக்கமாகப் பிரிந்து கிடக்கிறது. கெர்னல் தன்னிடம் இல்லாததைத் தருவதாகச் சொல்வது அடிப்படையிலேயே தவறு என்பது ஒரு தரப்பு. நிரல்கள் கேட்பதில் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை, ஆகவே கேட்டதையெல்லாம் ஒதுக்கிவைப்பதுதான் வீண் என்பது மறுதரப்பு. இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே அளவைப் பற்றிப் பேசுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது தருணம். நினைவகம் இல்லை என்ற செய்தியை எந்தக் கட்டத்தில், யாரிடம், எந்த வடிவில் சொல்வது? ஒரு வேண்டுகோளுக்கு விடையாகச் சொன்னால் நிரல் அதைக் கேட்டு நடந்துகொள்ள முடியும். ஒரு மாறியில் எண்ணை எழுதும் சாதாரண வரியின் நடுவே சொன்னால் முடியாது. லினக்ஸ் நினைவக மேலாண்மையின் பல பெரிய சர்ச்சைகளையும், பெயர்பெற்ற சில பாதுகாப்புப் பிழைகளையும் இந்த ஒரு கேள்வியின் வழியே படிக்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. இரண்டு பதிவுகள்

இயங்கும் ஒவ்வொரு பிராசஸுக்கும் கெர்னல் இரண்டு தனித்தனிப் பதிவுகளை வைத்திருக்கிறது. முதலாவது, வி.எம்.ஏ. எனப்படும் முகவரிப் பகுதிகளின் தொகுப்பு. இந்த முகவரியிலிருந்து அந்த முகவரி வரை ஒரு பகுதி. அதைப் படிக்கலாமா, எழுதலாமா, கட்டளைகளாக இயக்கலாமா. அதன் பின்னால் ஒரு கோப்பு உண்டா, உண்டென்றால் கோப்பின் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. இவ்வளவுதான் அதில் இருக்கும். புராக் கோப்புமுறையில் அந்தப் பிராசஸின் அடைவுக்குள் 'மேப்ஸ்' என்ற கோப்பைத் திறந்தால் இந்தப் பட்டியலை உரிய அனுமதி உள்ளவர் வாசிக்கலாம். நிரலின் கட்டளைகள், நூலகங்கள், ஹீப், ஸ்டாக் என வரிசையாக நிற்கும்.

இரண்டாவது, பக்க அட்டவணை. முதல் பதிவு கெர்னலின் சொந்த உபயோகத்துக்கானது. இதுவோ வன்பொருள் படிப்பதற்கானது. 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். ஒவ்வோர் அட்டவணையிலும் 8 பைட் கொண்ட 512 பதிவுகள் உண்டு. நான்கு அடுக்குகளாக அமையும் இவை 48 பிட் முகவரியை ரேமில் உள்ள ஓர் இடத்துடன் பொருத்துகின்றன. ஒரு பிராசஸுக்கு இதில் கிடைக்கும் பரப்பு 128 டிபி. 2017-இல் லினக்ஸ் 4.14-உடன் வந்த ஐந்தாம் அடுக்கு இப்பரப்பை இன்னும் 512 மடங்கு விரிக்கிறது.

எம்மேப் என்ற அழைப்பின் வழியே ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது கெர்னல் முதல் பதிவில் மட்டும்தான் எழுதுகிறது. இரண்டாவதில் வழக்கமாக எதுவும் சேர்வதில்லை. நிரல் அந்த முகவரியை முதன்முறை தொடும்போது வன்பொருள் பக்க அட்டவணையைப் பார்க்கிறது. அங்கே ஒன்றும் இல்லை. பேஜ் ஃபால்ட் எழுகிறது. கெர்னல் முதல் பதிவைப் புரட்டி, இந்த முகவரிக்கு உரிமை தரப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் நிரலுக்கு எல்லோரும் அறிந்த அந்த 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. உண்டென்றால் ஒரு பக்கத்தைத் தேடியெடுத்து, பூச்சியங்களால் நிரப்பி, அட்டவணையில் சேர்த்து, நிரலை விட்ட இடத்திலிருந்தே தொடரச் செய்கிறது. முதல் தொடுகை எழுதுவதாக இல்லாமல் படிப்பதாக இருந்தால் அந்தப் பக்கம்கூடச் செலவாவதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரே பூச்சியப் பக்கம் அங்கே மாட்டப்படுகிறது.

முதல் பதிவை வாக்கு என்றும், இரண்டாவதை நிறைவேற்றம் என்றும் இனிக் குறிப்பிடுகிறேன். வாக்கின் விலை மிகக் குறைவு என்பதால் நிரலாளர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர், நிரலின் முகவரிப் பரப்பில் எட்டில் ஒரு பங்கைத் தன் குறிப்புகளுக்கென்று எடுத்துக்கொள்கிறது. 128 டிபியில் எட்டில் ஒன்று 16 டிபி. 8 ஜிபி மடிக்கணினியிலும் அது சிக்கலின்றி ஓடுகிறது. இந்தப் பிரிவு எவ்வளவு அருமையான கண்டுபிடிப்பு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

3. ஒன்றாகக் குழப்பப்படும் இரண்டு

நிறைவேற்றத்தைத் தள்ளிப்போடுவதும் கையிருப்பை மீறி வாக்குத் தருவதும் ஒன்றே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மெய்நிகர் நினைவகம் என்றாலே இப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

மெய்நிகர் நினைவகத்தின் முன்னோடி, 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ். டாம் கில்பர்ன் குழுவினர் அதில் 16,384 சொற்கள் கொண்ட கோர் நினைவகத்தையும் அதைப் போல ஆறு மடங்கு கொள்ளளவுள்ள சுழலும் டிரம்மையும் ஒரே தளமாக நிரலுக்குக் காட்டினார்கள். தேவைப்படும் பக்கம் டிரம்மிலிருந்து வந்து போகும். அந்த வாக்கின் பின்னால் இடம் உறுதியாக இருந்தது. தள்ளிப்போடப்பட்டது பக்கத்தைக் கொண்டுவரும் வேலை மட்டுமே.

சோலாரிஸ் இந்த வழியில் நின்றது. எழுதக்கூடிய தனிப்பட்ட மேப்பிங் ஒன்றைக் கேட்டால் அதற்கான ஸ்வாப் இடத்தை அப்போதே கணக்கில் பிடித்துவைக்கும். இல்லையென்றால் கேட்ட இடத்திலேயே மறுத்துவிடும். விண்டோஸ் இன்னும் தெளிவாக இதை இரு படிகளாகப் பிரிக்கிறது. முகவரியை மட்டும் பிடித்துவைப்பது ஒரு படி. அதற்கு நினைவகம் உறுதி செய்வது அடுத்த படி. இரண்டாம் படியில் கேட்டவற்றின் மொத்தம், ரேமும் பேஜ் கோப்பும் சேர்ந்த வரம்பைத் தாண்டக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகும் விண்டோஸில் பக்கம் உண்மையில் ஒதுக்கப்படுவது முதல் தொடுகையில்தான். ஆக, சோம்பலும் நேர்மையும் ஒரே அமைப்பில் சேர்ந்து வாழமுடியும். பக்கத்தைப் பிறகு தருகிறேன் என்பது வேறு. பக்கம் இருக்குமா என்பதே பிறகுதான் தெரியும் என்பது வேறு. லினக்ஸ் இரண்டாவதை இயல்பாக்கிக்கொண்டதற்கு இந்தத் தொழில்நுட்பத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்க வேண்டும்.

4. ஃபோர்க் விட்டுச்சென்ற கடன்

அந்தக் காரணம் யூனிக்ஸின் ஃபோர்க். ஒரு பிராசஸ் தன்னை அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளும் இந்த அழைப்பு, சிறிய நினைவகமும் சிறிய பிராசஸ்களும் இருந்த காலத்தில் பிறந்தது. 1979-இல் வாக்ஸ் கணினிக்காகப் பெர்க்லியில் மெய்நிகர் நினைவகத்தோடு வந்த 3பி.எஸ்.டி., முழுப் பிரதியின் செலவைத் தவிர்க்க வீஃபோர்க் என்ற குறுக்குவழியைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த யூனிக்ஸ்கள் நகல் எடுப்பதையே தள்ளிப்போட்டன. பெற்றோரும் குழந்தையும் அதே பக்கங்களைப் படிப்பதற்கு மட்டும் பகிர்ந்துகொள்ளும். யாராவது எழுதும்போது அந்த ஒரு பக்கம் மட்டும் நகலெடுக்கப்படும்.

இங்கே வாக்கின் கணக்கு என்ன ஆகிறது? 24 ஜிபி தரவை வைத்திருக்கும் பிராசஸ் ஒன்று ஃபோர்க் செய்தால், கொள்கை அளவில் குழந்தை அந்த 24 ஜிபி முழுவதிலும் எழுதலாம். நேர்மையான கணக்குப்படி இன்னொரு 24 ஜிபி பிடித்துவைக்கப்பட வேண்டும். குழந்தை அடுத்த நொடியே வேறொரு நிரலாக மாறிவிடக்கூடும். அப்போது பிடித்துவைத்தது அத்தனையும் வீண். குழந்தை என்ன செய்யப்போகிறது என்பது கெர்னலுக்குத் தெரிய வழியே இல்லை. (நினைவகத்தை நகலெடுக்காமல் விட்டாலும் ஃபோர்க் இலவசமாக முடிவதில்லை. 24 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால், அதன் அட்டவணைப் பதிவுகள் மட்டும் 48 எம்பி. அவற்றை நகலெடுத்து முடிக்கும் வரை பெற்றோர் காத்திருக்க வேண்டும்.)

லினக்ஸ் இதற்கு மூன்று நிலைகள் கொண்ட ஒரு திருகை வைத்தது. 0 என்பது இயல்பு நிலை: ஒரே வேண்டுகோள் மொத்த ரேம், ஸ்வாப் இரண்டின் கூட்டையும் மீறினால் மட்டும் மறுப்பு. 1 என்றால் எதையும் மறுப்பதில்லை. 2 என்றால் கண்டிப்பான கணக்கு: ஸ்வாப் முழுவதும், ரேமில் பாதியும் சேர்ந்ததுதான் வரம்பு, அந்தப் பாதியை நிர்வாகி மாற்றிக்கொள்ளலாம். 16 ஜிபி ரேம் இருந்து ஸ்வாப் இல்லாத சர்வரில், 2-ஐத் தேர்ந்தெடுத்து வேறெதையும் மாற்றாமல் விட்டால் 8 ஜிபியோடு வாக்குகள் நின்றுவிடும்.

இரண்டு தரவுத்தள மென்பொருள்களின் ஆவணங்களை இந்த இடத்தில் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ரெடிஸ், தன் தரவை வட்டில் பதிய ஃபோர்க் செய்து, குழந்தையை அந்தக் கணத்தின் உறைந்த பிரதியாகப் பயன்படுத்துகிறது. எனவே திருகை 1-இல் வைக்கச் சொல்கிறது. வைக்காவிட்டால் தொடங்கும்போதே எச்சரிக்கிறது. போஸ்ட்கிரஸ்கியூஎல் ஆவணமோ, சர்வர் பிராசஸ் திடீரென்று கொல்லப்படும் வாய்ப்பைக் குறைக்க 2-இல் வைக்கப் பரிந்துரைக்கிறது. இரண்டும் தத்தம் அளவில் மிகச் சரியான அறிவுரை. ஆனால் அந்தத் திருகு கணினி முழுவதற்கும் ஒன்றே ஒன்று. இரண்டையும் ஒரே சர்வரில் நிறுவுபவர் யாருடைய சொல்லைக் கேட்பார்?

2019-இல் ஹாட்ஓஎஸ் கருத்தரங்கில் பாமன், அப்பாவூ, கிரீகர், ராஸ்கோ ஆகியோர் ஃபோர்க்கைக் கடுமையாக விமர்சித்து ஒரு கட்டுரை வாசித்தார்கள். ஃபோர்க் ஓவர்கமிட்டை, அதாவது கையிருப்பை மீறி வாக்குத் தருவதை, ஊக்குவிக்கிறது என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. நான் அதை ஏற்கிறேன். ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன். நாளையே எல்லோரும் ஃபோர்க்கைக் கைவிட்டாலும் அட்ரஸ் சானிடைசர் 16 டிபி கேட்கத்தான் செய்யும். உண்மையான குறை எம்மேப்பின் இடைமுகத்தில் இருக்கிறது. முகவரி வேண்டும் என்பதும் நினைவகம் வேண்டும் என்பதும் ஒரே வாக்கியமாக அதில் கேட்கப்படுகின்றன. 'எனக்குக் கணக்கு வைக்க வேண்டாம்' என்று சொல்ல ஒரு கொடி உண்டு. 'இந்த ஒரு பகுதிக்கு மட்டும் கண்டிப்பாகக் கணக்கு வை' என்று இயல்பு நிலையில் ஒரு நிரல் சொல்ல வழியில்லை.

5. கொல்லும் பொறுப்பு

கையிருப்பை மீறிய வாக்குகளை நிறைவேற்ற முடியாமல் போகும் நாளில், நினைவகத்தை மீட்கப் பிராசஸைக் கொல்லும் கெர்னலின் ஓ.ஓ.எம். கில்லர் எழுகிறது. ஒவ்வொரு பிராசஸும் உண்மையில் வைத்திருக்கும் ரேம், ஸ்வாப், பக்க அட்டவணைகள் ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் இடுகிறது. நிர்வாகி தரும் −1000 முதல் 1000 வரையிலான திருத்தத்தை அதோடு சேர்க்கிறது. முதலிடத்தில் இருப்பதற்கு, தடுக்கவோ பிடித்துக் கையாளவோ முடியாத 9-ஆம் சிக்னலை அனுப்புகிறது. 2010-இல் லினக்ஸ் 2.6.36-இல் டேவிட் ரியன்ட்ஜஸ் திருத்தி எழுதியதற்குப் பின் இந்த மதிப்பீடு முன்பைவிட எளிமையாகவும் ஊகிக்கக்கூடியதாகவும் ஆனது. இருந்தும் அடிப்படை மாறவில்லை. நினைவகத்தை அதிகம் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கணினி எதற்காக இருக்கிறதோ அந்த வேலையைச் செய்யும் பிராசஸ்தான். தரவுத்தள சர்வரில் தரவுத்தளமே முதல் பலியாவது அந்த அளவுகோலின் இயல்பான விளைவு.

கன்டெய்னர்களின் காலத்தில் இது அன்றாடமாகிவிட்டது. கன்ட்ரோல் குழு வழியே ஒரு கன்டெய்னருக்கு 512 எம்பி என்று வரம்பு வைத்தால், அந்த வரம்பு வாக்குகளை எண்ணுவதில்லை, நிறைவேற்றப்பட்ட பக்கங்களைத்தான் எண்ணுகிறது. உள்ளே இருக்கும் நிரல் 4 ஜிபி கேட்டாலும் சரி என்றே விடை வரும். 512 எம்பியைத் தொட்டு, விடுவிக்கவும் பக்கம் எதுவும் இல்லாதபோது மரணம். குபர்னெட்டிஸ் நிர்வாகிகள் அடிக்கடி காணும் 137 என்ற வெளியேற்றக் குறியீடு 128-உடன் அந்த 9-ஐக் கூட்டியது. பிழைச்செய்தியோ, நிரல் தானே எழுதிய கடைசிப் பதிவோ அங்கே இருக்காது. நிரலிடமிருந்து அந்த எண் மட்டுமே மிஞ்சும். நள்ளிரவில் அதைப் பார்த்துக் காரணம் தேட வேண்டியவர் நிரலாளர் அல்ல, பணியில் இருக்கும் இன்னொருவர். செய்தி தவறான ஆளிடம், மிகத் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. என் அக்கறையெல்லாம் இதில்தான்.

இதைத் தணிக்க நடந்த வேலைகளில் எனக்கு மிக மதிப்புள்ளதாகத் தோன்றுவது, 2018 இறுதியில் லினக்ஸ் 4.20-உடன் வந்த பி.எஸ்.ஐ. என்னும் அழுத்த அளவீடு. நினைவகத்துக்காகப் பிராசஸ்கள் எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கின்றன என்பதை அது சொல்கிறது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் உருவாக்கிய இதை ஆண்ட்ராய்டின் நினைவகக் காவலரும் சிஸ்டம்டியும் பயன்படுத்துகின்றன. கெர்னல் கடைசி நொடியில் கொல்லும் முன்பே, எதை விடலாம் என்று அறிந்த ஒரு நிரல் முடிவெடுக்க இது இடம் தருகிறது. தோல்வியின் அறிவிப்பு சற்றே முன்னால் நகர்கிறது.

6. கோப்பு நினைவகமாகும்போது

எம்மேப் கோப்புகளையும் முகவரிப் பரப்பில் விரிக்கிறது. இது 1980-களின் பெர்க்லி ஆவணங்களில் வடிவமைக்கப்பட்டு, சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4-இல் முழுமையாக உருப்பெற்ற எண்ணம். கோப்பைப் படிக்கும் அழைப்பே வேண்டாம். அணியின் உறுப்பைத் தொடுவதுபோல் தொட்டால் போதும். தரவுத்தளம் எழுதுபவர்களுக்கு இது பெரிய கவர்ச்சி, ஏனென்றால் தாற்காலிக நினைவகத்தைப் பராமரிக்கும் சிரமம் முழுவதையும் கெர்னல் தோளில் ஏற்றிவிடலாம்.

கோப்பைப் படிக்கும் அழைப்பு தோற்றால் பிழைக்குறியீடு வரும். விரித்த கோப்பில், வட்டில் பழுது ஏற்பட்டாலோ, வேறொரு பிராசஸ் கோப்பைச் சுருக்கிவிட்டாலோ, நிரலின் ஏதோ ஒரு வரியில் சிக்பஸ் சிக்னல் வந்து விழும். அந்த வரி கூட்டலாக இருக்கலாம், ஒப்பீடாக இருக்கலாம். எல்லா வரிகளிலும் வட்டுப் பிழையை எதிர்பார்த்து யாரும் நிரல் எழுத முடியாது. 2022-இல் சி.ஐ.டி.ஆர். மாநாட்டில் ஆண்ட்ரூ குரோட்டி, விக்டர் லீஸ், ஆண்டி பாவ்லோ மூவரும் தரவுத்தளங்களில் எம்மேப் வேண்டாம் என்று வாதிட்டபோது இந்தப் பிழை கையாளும் சிக்கலைத் தனியாகச் சுட்டினார்கள். கூடவே, எந்தப் பக்கம் எப்போது வட்டுக்குப் போகும் என்பது தரவுத்தளத்தின் கையில் இல்லை என்பதையும், எதிர்பாராமல் நிகழும் காத்திருப்புகளையும், பக்கங்களை வெளியேற்றும்போது எல்லா செயலிக் கருக்களுக்கும் செய்தி அனுப்பி அவற்றின் முகவரிச் சேமிப்பை அழிக்க நேரும் செலவையும் விளக்கினார்கள். மாங்கோடிபி தன் பழைய எம்மேப் அடிப்படையிலான சேமிப்பு இயந்திரத்தை 2019-இல் 4.2 பதிப்பில் நீக்கிவிட்டது. எல்.எம்.டி.பி. இன்றும் எம்மேப்பில் செம்மையாக இயங்குகிறது. இயல்பாக மேப்பிங்கைப் படிக்க மட்டும் திறந்து, எழுதுவதை வேறு வழியில் செய்யும் அதன் வடிவமைப்பு அதற்கு உதவுகிறது. எம்மேப் எங்கும் கூடாது என்று அந்த ஆய்வை நீட்டிப் படிப்பது பொருந்தாது.

7. இரு பதிவுகளும் ஒத்துப்போகாத நொடி

வாக்கும் நிறைவேற்றமும் தனித்தனியே இருப்பதன் இன்னொரு விலை, அவை எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்க வேண்டும் என்பது. பல இழைகள் ஒரே முகவரிப் பரப்பில் ஓடும்போது, ஒன்று வாக்கை மாற்றிக்கொண்டிருக்கும் நொடியில் இன்னொன்று நிறைவேற்றத்தைக் கோரிக்கொண்டிருக்கும். நீண்ட காலம் லினக்ஸ் இதை ஒரு பெரிய பூட்டால் சமாளித்தது. பிராசஸுக்கு ஒரு பூட்டு. பேஜ் ஃபால்ட் அதைப் படிப்பவராகப் பிடிக்கும். எம்மேப் எழுதுபவராகப் பிடிக்கும்.

2016 அக்டோபரில் வெளிப்பட்ட டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புப் பிழை, இரு பதிவுகளுக்கும் இடையிலான இடைவெளியின் ஆழத்தைக் காட்டியது. எழுத உரிமையில்லாத ஒரு கோப்பைத் தனிப்பட்ட மேப்பிங்காக விரித்து, கெர்னல் வழியாக அதில் எழுதக் கேட்டால், நகலெடுத்து அந்த நகலில் எழுதுவதுதான் முறை. கெர்னல் நகலெடுக்கும்; நகல் ஆயிற்று, இனி எழுத்துரிமையைச் சோதிக்கத் தேவையில்லை என்று குறித்துக்கொண்டு மீண்டும் பக்கத்தைத் தேடும். சரியாக அந்த இடைநொடியில் இன்னோர் இழை, இந்தப் பகுதி எனக்கு வேண்டாம் என்று சொல்லி நகலைக் கழற்றிவிட்டால்? தேடும்போது கிடைப்பது மூலக் கோப்பின் பக்கம். சோதனை தளர்த்தப்பட்டுவிட்டதால் அதிலேயே எழுதப்படும். சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் உரிமை பெற இது போதுமானதாக இருந்தது. 2007-இல் வந்த 2.6.22 முதல் அந்தப் பழுது கெர்னலில் இருந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் தன் திருத்தக் குறிப்பில், இதை 11 ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை சரிசெய்ய முயன்றதையும் அம்முயற்சி பின்னர் திரும்பப் பெறப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார்.

பூட்டின் கதை வேறு. நூற்றுக்கணக்கான இழைகள் ஓடும் நிரல்களில் அந்த ஒரே பூட்டு நெரிசலானது. பூட்டைப் பிடிக்காமலே பேஜ் ஃபால்ட்டை முடிக்கும் திட்டத்தைப் பீட்டர் சைல்ஸ்ட்ரா முன்வைத்தார். லாரன்ட் டுஃபோர், மிஷல் லெஸ்பினாஸ் ஆகியோர் அடுத்தடுத்து ஆண்டுக்கணக்கில் உழைத்தும் அது பிரதான கெர்னலில் சேரவில்லை. வாக்குகளின் தரவுக் கட்டமைப்பே மாறினால்தான் வழி திறக்கும் என்ற நிலை. 2001 முதல் சிவப்பு-கறுப்பு மரமாக இருந்த அதை, லியம் ஹவ்லெட்டும் மேத்யூ வில்காக்ஸும் 2022 டிசம்பரில் வந்த 6.1-இல் மேப்பிள் மரமாக மாற்றினார்கள். பூட்டில்லாமலே அதில் தேடலாம். அதன்மேல், 2023-இல் 6.4-உடன், ஒவ்வொரு முகவரிப் பகுதிக்கும் தனிப் பூட்டு தரும் சுரேன் பாக்தசாரியனின் வேலை சேர்ந்தது. ஆண்ட்ராய்டு செயலிகள் பல இழைகளோடு ஒரே நேரத்தில் தொடங்கும்போது ஏற்பட்ட தாமதம் அதற்கு ஒரு முக்கியத் தூண்டுதல்.

மேப்பிள் மரத்துக்கு மாறியதன் நிழலிலேயே ஸ்டாக்ராட் என்ற பாதுகாப்புப் பிழை இருந்தது. ஸ்டாக் என்பது தன் எல்லையைத் தானே நீட்டிக்கொள்ளும் வாக்கு. நிரல் எல்லைக்குச் சற்றுக் கீழே தொட்டால், பேஜ் ஃபால்ட்டின் போக்கில் கெர்னல் அந்தப் பகுதியை விரிக்கும். நிறைவேற்றம் நடக்கும் தருணத்திலேயே வாக்கும் திருத்தப்படுகிறது. பழைய மரத்தில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது. படிப்பவருக்கான பூட்டோடு அதைச் செய்வது சகித்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது. மேப்பிள் மரத்திலோ அதே விரிவாக்கம் ஒரு கணுவையே புதிதாக மாற்றக்கூடும். பழைய கணு விடுவிக்கப்பட்ட பின்னும், அதே பூட்டைப் பிடித்திருக்கும் மற்றோர் இழை அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருயிஹான் லி இதைக் கண்டறிந்தார். 6.1 முதல் 6.4 வரை பாதிப்பு. 2023 ஜூலைக்குள் திருத்தம் வந்தது. அத்திருத்தத்தின்படி ஸ்டாக் விரிய வேண்டுமென்றால் எழுதுபவருக்கான பூட்டைப் பிடித்தாக வேண்டும். இதைப் புதிய மரத்தின் குறையாக மட்டும் சித்திரிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. வாக்கை மாற்றுவதற்கும் நிறைவேற்றுவதற்கும் வெவ்வேறு உரிமை வேண்டும் என்ற விதிக்கு ஸ்டாக் பல்லாண்டுகளாக விதிவிலக்காக இருந்துவந்தது. மேப்பிள் மரம் அந்தச் சலுகையை இனித் தர முடியாததாக்கியது.

8. அறிவிப்பை முன்னால் நகர்த்துதல்

ஓவர்கமிட்டை ஒழிக்க வேண்டும் என்பது என் முடிபு அல்ல. கைப்பேசியிலும் மேசைக் கணினியிலும் அது தரும் சிக்கனம் மெய்யானது. தேவைப்படுவது, ஒரு நிரல் தனக்கு முக்கியமான பகுதிக்கு மட்டும் உறுதியான வாக்கைக் கேட்டுப்பெறும் வழி. அதற்கான துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன.

ஜாவா இயந்திரத்தில், தொடங்கும்போதே ஹீப் முழுவதையும் தொட்டுவிடச் செய்யும் ஒரு தெரிவு உண்டு. நினைவகம் போதாதென்றால் மதியம் வாடிக்கையாளர் நடுவே விழுவதற்குப் பதில் காலையில் தொடங்கும்போதே விழும். இது முன்னேற்றம்தான், ஆனால் விழுவது இன்னும் கொலையாகத்தான் இருக்கிறது. 2021-இல் 5.14-உடன் டேவிட் ஹில்டன்பிராண்ட் சேர்த்த வசதி ஒரு பகுதியின் பக்கங்களை முன்கூட்டியே நிரப்பச் சொல்லிக் கேட்க இடம் தருகிறது. கோப்பு, பெரிய பக்கம் போன்றவற்றில் சிக்பஸ்ஸாக வரவேண்டிய தோல்வியை அது பிழைக்குறியீடாகத் திருப்பித்தருகிறது. எம்மேப்பிலேயே முன்னிரப்பும் கொடி ஒன்று நெடுங்காலமாக உண்டு. நிரப்ப முடியாமல் போனாலும் வெற்றி என்றே அது சொல்லிவிடும் என்பதால் இந்தக் காரியத்துக்கு உதவாது. புதிய வசதியும் சாதாரண ரேம் தீரும்போது ஓ.ஓ.எம். கில்லர் எழுவதைத் தடுப்பதில்லை.

முழுமையான விடைக்கு மிக அருகில் நிற்பது லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய மூலை. 2 எம்பி அளவுப் பெரிய பக்கங்களுக்கென்று நிர்வாகி தனியாக ஒரு குவியலை ஒதுக்கிவைக்கலாம். அந்தக் குவியலிலிருந்து மேப்பிங் கேட்டால் தேவையான பக்கங்கள் அப்போதே கணக்கில் பிடிக்கப்படும். போதாதென்றால் எம்மேப்பே தோல்வியைச் சொல்லும். பக்கம் உண்மையில் மாட்டப்படுவது முதல் தொடுகையில்தான். சோலாரிஸ் முழு நினைவகத்துக்கும் செய்ததை லினக்ஸ் இந்த மூலையில் செய்கிறது. ஃபோர்க் அங்கேயும் தொல்லை தரத்தான் செய்கிறது. தனிப்பட்ட மேப்பிங் வைத்திருக்கும் பிராசஸ் ஃபோர்க் செய்தால் பிடித்துவைத்த பக்கங்கள் பெற்றோருக்கு மட்டுமே உறுதி. குவியல் தீர்ந்த நிலையில் நகல் தேவைப்பட்டால் குழந்தை கொல்லப்படலாம். இருவருக்கும் ஒரே சொத்தை எழுதித்தர முடியாது என்பதைக் கெர்னல் இங்கே ஒளிக்கவில்லை. யாருக்கு உறுதி, யாருக்கு இல்லை என்று வெளிப்படையாகவே தீர்மானித்திருக்கிறது.

போஸ்ட்கிரஸ்கியூஎல் இந்த மூலையை நன்றாகப் பயன்படுத்துகிறது. பெரிய பக்கங்களுக்கான அதன் அமைப்பு இயல்பாக 'முயன்று பார்' என்று இருக்கும். கிடைக்காவிட்டால் சாதாரணப் பக்கங்களுக்குப் போய்விடும். அதை 'கட்டாயம்' என்று மாற்றினால், குவியலில் போதிய இடம் இல்லாதபோது சர்வர் தொடங்கவே மறுத்து, எவ்வளவு கேட்டது என்ற விவரத்தோடு பிழைச்செய்தி எழுதி நின்றுவிடும். சர்வரை நிறுவுகிற நிர்வாகி திரையின் முன் உட்கார்ந்திருக்கும்போதே அது அவர் கண்ணில் படுகிறது.